நகர விளக்குகள் தெரியும் தூரத்தில் ஐந்தரை மணி நேரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாக அது தோன்றவில்லை. வீட்டிலிருந்து வண்டியில் இருபது நிமிடம். நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மலை. ஏறி, சுற்றிக்கொண்டு இறங்கினால் 6 கிலோமீட்டர், ஏற்றம் கிட்டத்தட்ட 300 மீட்டர். ஏழெட்டு முறை போன பாதை. கடைக்குப் போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டா போகிறோம், அப்படித்தான் கிளம்பினேன். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், போன், காதில் பாட்டு. போனில் 38 சதவீதம் சார்ஜ். காலில் அடி தேய்ந்துபோன பழைய ஷூ. ஒன்றரை வருடமாக மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்த ஷூ அது.

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தபோது மணி 3.40. சூரியன் மறைவது 6.15-க்கு. இரண்டரை மணி நேரம் இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தேன். பின்னால் கட்டிலில் கிடந்த நாட்களில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலை நடப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். என் பாதைக்கு அது 102 நிமிடம். ஆனால் இது நல்ல உடல்வலு உள்ளவர் எங்கேயும் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். மூச்சு வாங்க நிற்பது, படம் எடுப்பது, உச்சியில் உட்காருவது எல்லாம் சேர்ந்தால் எனக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகும். அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் என் கையில் மிச்சம் இருந்தது இருபது நிமிடம்தான். ஒரு சின்னத் தடுக்கல் வந்தால்கூட இருட்டில்தான் இறங்க வேண்டியிருக்கும் என்பது கிளம்பும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இப்போது நான் கணக்கில் வருவதைப் போல ஒன்றரை மடங்கு நேரம் வைத்துக்கொள்கிறேன். அதோடு, எங்கே இருந்தாலும் சரி, இந்த மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று ஒரு நேரத்தைக் கீழேயே முடிவு செய்துவிடுகிறேன். உச்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த நேரம் வந்துவிட்டால் மனசு கேட்காதுதான். ஆனாலும் திரும்பிவிடுவேன்.

உச்சியை அடைந்தபோது 4.50. பத்து நிமிடம் உட்கார்ந்தேன். இறங்கும்போது, வழக்கமான பாதையின் இடது பக்கம் ஒரு தடம் பிரிந்து போனது. முன்பு ஒரு முறை இரண்டு பேர் அதில் இறங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். குறுக்கு வழி, கால் மணி நேரம் மிச்சமாகும் என்று தோன்றியது. முதல் ஐந்து நிமிடம் பாதை நன்றாகவே இருந்தது. அப்புறம் மெலிந்தது. அப்புறம் இரண்டாகப் பிரிந்தது. பிறகு அது பாதையா, மழைநீர் ஓடிய தடமா, விலங்கு நடந்த தடமா என்றே தெரியவில்லை. அந்த இடத்தில் நின்று திரும்பியிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. ஆனால் கீழே சாலை தெரிந்தது. வண்டிகள் போவது தெரிந்தது. அதோ தெரிகிறதே, இறங்கினால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மலைகளின் ஆபத்தே இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நடுக்காட்டில் வழி தவறினால் பயம் வரும், பயம் வந்தால் நின்று யோசிப்போம். இங்கே ஊர் கண்ணில் தெரிவதால் அந்தப் பயம் வருவதே இல்லை.

5.20 இருக்கும். வறண்ட ஓடை ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தேன். சரளைக் கல்லில் வலது கால் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கியது. ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. மூன்று நான்கு மீட்டர் சறுக்கிப் போய் ஒரு பாறையில் முட்டி நின்றேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து ரத்தம். போன் கையிலிருந்து பறந்து முகப்புக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது, நல்லவேளையாக வேலை செய்தது. சில நிமிடம் எதுவும் தோன்றவில்லை. எழுந்து நின்றேன், வலது காலை ஊன்றினேன், உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது முறையும் அதேதான். அப்போதுதான் வயிற்றைப் பிசைகிற மாதிரி அந்த எண்ணம் வந்தது: நான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் தனியாக வசிப்பவள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகாவிட்டால்கூட, உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். செவ்வாய்க்கிழமை வாக்கில் யாராவது அக்காவிடம் கேட்பார்கள். அதுவரை யாரும் என்னைத் தேடமாட்டார்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான். கிளம்பும் முன் ஒருவரிடம் சொல்லுங்கள். "மலைக்குப் போறேன்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த மலை, எந்தப் பக்கமாக ஏறி எந்தப் பக்கமாக இறங்கப் போகிறீர்கள், வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். நேரம் குறிக்காவிட்டால், "வந்துவிடுவாள், கொஞ்சம் பார்ப்போம்" என்று நல்ல மனதோடு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். 2003-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் தனியாக ஒரு பள்ளத்தாக்கில் இறங்கும்போது பெரிய பாறை ஒன்று உருண்டு அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் அப்படியே நின்றவர், கடைசியில் கையைத் தானே வெட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார். மலையேறுவதில் அவர் நல்ல அனுபவசாலி. எங்கே போகிறேன் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஓடைப் பள்ளத்தில் சிக்னல் சுத்தமாக இல்லை. இது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. கீழே ஊரே இருக்கிறது, ஹாரன் சத்தம்கூடக் கேட்கிறது, டவர் சிக்னல் எப்படி இல்லாமல் போகும்? பின்னால் ஒருவர் விளக்கினார். அலைபேசி டவர்களை மக்கள் இருக்கும் பகுதியை நோக்கித்தான் அமைக்கிறார்கள். அதோடு நமக்கும் டவருக்கும் நடுவே மலையின் ஒரு மடிப்பு வந்துவிட்டால் போதும், சிக்னல் மறைந்துவிடும். பள்ளத்தில் ஒன்றுமே வராத இடத்திலிருந்து ஐம்பது மீட்டர் மேலே ஏறினால் இரண்டு கோடு காட்டும். அது தெரியாமல் நான் அங்கேயே உட்கார்ந்து இருபது நிமிடம் மாறி மாறி டயல் செய்தேன். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். 21 சதவீதமாக இருந்தது கண்ணெதிரே 14 ஆனது.

அப்புறம் கத்தினேன். "யாராவது இருக்கீங்களா" என்று பத்து நிமிடம் கத்தியதில் தொண்டை கட்டிப்போனது. மனிதக் குரல் மலையில் தூரம் போகாது, காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் இன்னும் மோசம். ஒரு விசில் இருந்திருந்தால் மணிக்கணக்கில் ஊதியிருக்கலாம். ஆபத்து என்று அறிவிக்கப் பல நாடுகளின் மலைகளில் வழங்கும் முறை ஒன்று இருக்கிறது: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. இருட்டில் என்றால் டார்ச்சை ஆறு முறை மின்ன விட வேண்டும். கேட்டவர் மூன்று முறை பதில் கொடுப்பார். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் 1894-லிருந்து கடைப்பிடிப்பது இது. வட அமெரிக்காவில் மூன்று மூன்றாக ஊதுவார்கள். எண்ணிக்கை மறந்துபோனாலும் பரவாயில்லை, ஒரே சீராக இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஊதினாலே கேட்பவருக்கு அது விளையாட்டில்லை என்று புரிந்துவிடும்.

அடுத்த தவறு, இந்த நாளின் பெரிய தவறு. ஓடை எப்படியும் கீழேதானே போகும், அதைப் பிடித்தே போவோம் என்று உட்கார்ந்தபடியே தவழ்ந்து இறங்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் போயிருப்பேன். ஓடை ஒரு விளிம்பில் முடிந்தது. அதற்குக் கீழே செங்குத்தாக இரண்டு மாடி உயரத்துக்குப் பாறை, மழைக்காலத்தில் அருவி விழும் இடம். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்ததால் பார்த்தேன். இன்னும் முக்கால் மணி நேரம் கழித்து அங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை என்னால் நிதானமாக யோசிக்க முடியவில்லை. நீர் போகும் வழி மனிதன் போகும் வழி இல்லை. தண்ணீருக்கு விழுந்தால் ஒன்றும் ஆகாது. வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள், கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த பாதைக்கு வந்த வழியே திரும்புங்கள். அதற்கும் முன்னால், நில்லுங்கள். பத்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், சுற்றிப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். விழுந்த பதற்றத்தில் நான் எடுத்த முடிவுகளில் ஒன்றுகூடச் சரியில்லை.

விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். பிறகு திரும்பி, ஓடையை விட்டு, பக்கவாட்டில் இருந்த ஒரு மேட்டை நோக்கி ஏற ஆரம்பித்தேன். ஏற என்றால், பின்னோக்கி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, இடது காலால் உந்தி, ஒரு படி, ஓய்வு, இன்னொரு படி. ஷூவைக் கழற்றவில்லை, அது ஒன்றுதான் சரியாகச் செய்தது. கழற்றியிருந்தால் வீங்கிய காலை மறுபடி உள்ளே நுழைத்திருக்க முடியாது. சாதாரண நாளில் ஐந்து நிமிடத்தில் ஏறும் மேடு அது. எனக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் முழுக்க இருட்டிவிட்டது. மரங்களுக்குள் சூரியன் மறையும் முன்பே இருட்டு வந்துவிடுகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. கையை முழுக்க நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று பாருங்கள், ஒரு விரலுக்குத் தோராயமாகக் கால் மணி நேரம். நான்கு விரல் இருந்தால் ஒரு மணி நேரம் பாக்கி. பள்ளத்திலோ அடர்ந்த மரங்களுக்கு நடுவிலோ இருந்தால் அதில் பாதியைக் கழித்துவிடுங்கள்.

ஏழு மணி வாக்கில், ஏறிக்கொண்டிருக்கும்போது, மேலே பாதைப் பக்கத்தில் பேச்சுக் குரல் கேட்டது. இரண்டு ஆண்கள். டார்ச் வெளிச்சம் இரண்டு ஆடி ஆடி வந்தது. நான் கத்தவில்லை. கையிலிருந்த போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆண்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். உதவி வேண்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்தான் கதறியவள், உதவி நடந்து வரும்போது ஒளிந்துகொண்டேன். கால் உடைந்த நிலையில், இருட்டில், தனியாக இருக்கிறேன் என்பதை இரண்டு அந்நியர்களுக்குத் தெரியப்படுத்துவதா வேண்டாமா என்று ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. குரல்கள் போய்விட்டன. அவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். கூப்பிட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே வீடு வந்திருப்பேன். ஆனாலும் அந்த நிமிடத்தின் என்னை நான் குறை சொல்லமாட்டேன். இதைப் பற்றிப் பிறகு அனுபவமுள்ள பெண்கள் சிலரிடம் பேசினேன். அவர்கள் சொன்னதில் எனக்கு உதவியாகப் பட்டது இது: கூப்பிடும்போதே, "அடிபட்டுவிட்டது, வீட்டுக்குத் தகவல் சொல்லிட்டேன், ஆட்கள் வந்துகிட்டிருக்காங்க, நீங்களும் இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று சொல்ல வேண்டும். அது உண்மையாக இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். நான் இருக்குமிடம் வேறு ஆட்களுக்கும் தெரியும் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். நடந்துகொண்டிருக்கும்போது யாராவது "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டாலும் எனக்கு இப்போது ஒரே பதில்தான்: "இல்லை, பின்னால வர்றாங்க." யாரையாவது பார்த்து மனதுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டால், காரணம் தேடாமல், மரியாதையைப் பற்றிக் கவலைப்படாமல், ஆட்கள் நடமாடும் பக்கம் திரும்பி நடந்துவிடுங்கள். காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவதையும் விட்டுவிட்டேன். பின்னால் வருகிற காலடி, நாய், சரியும் கல், எல்லாவற்றையும் முதலில் சொல்வது காதுதான்.

மேட்டின் உச்சிக்கு வந்தபோது மணி 7.45. அங்கிருந்து நகரம் முழுவதும் தெரிந்தது. அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல் வெளிச்சங்கள், சாலையில் சிவப்பும் வெள்ளையுமாக நகரும் வரிசை. ஒரு வீட்டு மாடியில் யாரோ விளக்கைப் போட்டு அணைத்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு தனிமையை உணர்ந்ததில்லை. போனில் ஒரே ஒரு கோடு வந்து வந்து போனது. பேட்டரி 7 சதவீதம். அக்காவுக்குப் போட்ட அழைப்பு இரண்டு முறை துண்டானது. மூன்றாவது முறை போடாமல் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை, ஆனால் அதுதான் காப்பாற்றியது. குரல் அழைப்புக்குத் தொடர்ந்து சிக்னல் வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸுக்குச் சில நொடி கிடைத்தாலே போதும். இணையம் இல்லாவிட்டாலும் போகும். முதல் முறை தோல்வி, இரண்டாவது முறை போய்விட்டது. மேப் செயலியில் என் இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சேர்த்து அனுப்பினேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது, டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். அந்த எண்களுக்குப் பிறகு எழுதியது இது: "வலது கால் உடைஞ்சிருக்கு. நடக்க முடியல. பேட்டரி 7%. போனை அணைச்சு வைக்கிறேன், 8.30, 9, 9.30-க்கு ஆன் பண்றேன்."

அவசர எண்ணுக்கு ஏன் முதலில் அடிக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். தெரியாது என்பதுதான் பதில். உங்கள் அலைபேசி நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், அருகே வேறு எந்த நிறுவனத்தின் டவர் இருந்தாலும் அதன் வழியாக அவசர அழைப்பு போகும். 112 என்ற எண் பல நாடுகளில் இதற்காகவே இருக்கிறது. எந்த டவருமே இல்லாவிட்டால் அதுவும் போகாது. ஆனால் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று போன் காட்டினால் அதை முயன்று பார்க்காமல் விடாதீர்கள்.

அடுத்த முக்கால் மணி நேரம் குளிர்தான் பெரிய எதிரி. பகலில் வியர்த்து நனைந்த சட்டை, மேட்டில் அடிக்கும் காற்று, கீழே குளிர்ந்த பாறை. குளிர் காலமே இல்லை, ஆனாலும் பல் கிட்டியது. சருகுகளை வாரிக் குவித்து அதன் மேல் உட்கார்ந்தேன், பாறை மறைவுக்கு நகர்ந்தேன். கொஞ்சம் பரவாயில்லை. 8.30-க்கு போனை ஆன் செய்தேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு செய்தி: "பார்த்துட்டேன். ஆட்கள் கிளம்பிட்டாங்க. நீ அங்கேயே இரு, நகராதே." வலியில்கூட அப்படி அழவில்லை.

அக்கா அதைப் பார்த்ததே 8.20-க்குத்தானாம். இப்போதெல்லாம் எஸ்.எம்.எஸ். பெட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? விளம்பரம் என்று நினைத்து ஒதுக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். அவள் அவசர எண்ணுக்குப் பேசியபோது எதிர்முனையில் இருந்தவர் திரும்பத் திரும்ப "எந்தத் தெரு, எந்த நம்பர்" என்றே கேட்டாராம். மலை என்று சொல்லி, அந்த எண்களைப் படித்துக் காட்டி, எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. அதனால்தான் இப்போது பாதையின் பெயர், ஏறத் தொடங்கும் இடம், பக்கத்தில் இருக்கும் அடையாளம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

10.50-க்கு கீழே வெளிச்சங்கள் தெரிந்தன, விசில் கேட்டது. போனில் மிச்சமிருந்த சார்ஜில் டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ஐந்து பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் கேட்டது என் பெயரை. இரண்டாவது, "தண்ணி குடிச்சீங்களா?" மூன்றாவதாக, "ஓடைக்குள்ளயே இருந்திருந்தா உங்களைக் கண்டுபிடிக்க விடிஞ்சிருக்கும்" என்றார். என்னைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த ஐந்து பேரும் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

எக்ஸ்ரேயில் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்திருந்தது. கணுக்கால் அடிபட்டால் நினைவில் வைக்க வேண்டிய ஒன்றை மருத்துவர் சொன்னார்: அடிபட்ட உடனும் சரி, பிறகும் சரி, தாங்கித் தாங்கியாவது நான்கு அடி நடக்க முடியவில்லை என்றால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கப்புறம் இரண்டு மாதம் பயிற்சி. வருடம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த விடுப்பு முழுவதும் போய், 18 நாள் சம்பளமில்லாமலும் போனது. மருத்துவச் செலவு, பயிற்சி, உடைந்த போன், ரத்தான ஒரு பயணம் எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது. பணத்தை விட, தூக்கம் போனதுதான் கஷ்டமாக இருந்தது. பல இரவுகள் அந்த விளிம்பில் விழித்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தனியா ஏன் போன?" ஒவ்வொரு முறையும் வலித்தது. தனியாக நடப்பதில் எனக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவர்களுக்கு விளக்க முடியவில்லை. வாரம் முழுக்க யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது எனக்குத்தான் தெரியும். நான் யோசித்து யோசித்துப் பார்த்ததில், தனியாகப் போனது என் தவறாகத் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் போனது, தெரியாத தடத்தில் இறங்கியது, வெறுங்கையோடு போனது, இவைதான் தவறு. கட்டிலில் கிடந்தபோது படித்த இன்னொரு சம்பவமும் மனதை விட்டுப் போகவில்லை. 2013-ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் நடந்துகொண்டிருந்த 66 வயதுப் பெண் ஒருவர், இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகியவர், திரும்பும் வழி தெரியாமல் போனார். கணவருக்கு அவர் அனுப்பிய செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவேயில்லை. மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார். 2015-ல்தான் அவர் உடல் கிடைத்தது, பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள். பாதையை விட்டு விலக வேண்டிய கட்டாயம் வந்தால், பையையோ பளிச்சென்ற நிறத் துணியையோ பாதையிலேயே தெரியும்படி வைத்துவிட்டு, அது கண்ணில் படும் தூரம் வரைக்கும்தான் போகிறேன் இப்போது.

இன்று என் பையில் இருப்பவை: தலையில் மாட்டும் டார்ச், தோள்பட்டையிலேயே தொங்கும் விசில், சின்ன பவர் பேங்க், கிரேப் பேண்டேஜ் ஒரு சுருள், உடல் சூட்டைக் காக்கும் மடக்கிய மெல்லிய பளபளப்புத் தாள், காற்றும் மழையும் தாங்கும் மெல்லிய ஜாக்கெட், ஒரு காய்ந்த சட்டை, கொஞ்சம் தின்பண்டம், வழக்கமாகக் குடிப்பதைவிட அரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர். தண்ணீரைத் தவிர எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ பக்கம்தான். பகல் இரண்டு மணிக்குப் போனாலும் டார்ச் இருக்கும். போனில் அந்தப் பகுதி வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வைத்துவிடுவேன். நடக்கும்போது ஃப்ளைட் மோட், முழு சார்ஜ். ஷூ புதிது, அடியில் பல் ஆழமாக இருப்பது. சில மாதங்களுக்கு ஒரு முறை அதைத் திருப்பிப் பார்க்கிறேன்.

இன்னொன்று. முன்பெல்லாம் உச்சியில் எடுத்த படத்தை அங்கிருந்தே போடுவேன், நடந்த பாதையைச் செயலியில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருப்பேன். போகும் ஞாயிறெல்லாம் ஒரே நேரம், ஒரே மலை, ஒரே ஆள். இது ஒரு அந்நியருக்கு எவ்வளவு தகவல் என்று யோசித்ததே இல்லை. ஸ்ட்ராவா செயலி பயனர்களின் ஓட்டப் பாதைகளைச் சேர்த்து வெளியிட்ட உலக வரைபடத்திலிருந்து ராணுவ முகாம்களின் அமைப்பே வெளியில் தெரிந்துபோனது 2018-ல் பெரிய செய்தியானது. படங்களை வீட்டுக்கு வந்த பிறகு போடலாம். நான் எங்கே இருக்கிறேன் என்பது அப்போதே தெரிய வேண்டியது அக்காவுக்கு மட்டும்.

விழுந்து ஐந்து மாதம் கழித்து மறுபடி அதே மலைக்குப் போனேன், முதல் முறை அக்காவோடு. அந்தத் தடம் பிரியும் இடத்தில் கால் நடுங்கியது, அவள் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தனியாகப் போக ஆரம்பித்தேன். கிளம்பும்போது எழுதி அனுப்புவேன்: தெற்குப் பக்கம் ஏறி அதே வழியில் இறங்குவேன், 5 மணிக்குக் கீழே இருப்பேன், 5.30 வரை செய்தி இல்லை என்றால் போன் பண்ணு, 6 வரை எடுக்கவில்லை என்றால் அவசர எண்ணுக்குச் சொல். போன வாரம் 4.50-க்கே இறங்கிவிட்டேன். அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றதில், வந்துவிட்டேன் என்று சொல்ல மறந்துபோனேன். 5.31-க்கு போன் அடித்தது. எடுத்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "எங்க இருக்க?" இல்லை, "நடக்க முடியுதா?" என்பதுதான். கீழேதான் இருக்கேன்க்கா, மன்னிச்சுக்கோ என்றேன். அந்தப் பக்கம் கார் சாவியை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.